ஐஸ் மழையும் எண்ணூறு டொலரும்

(எமது சங்கத்தின் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை, புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



"மாஸ்டர், வருசப்பிறப்புக்கு ஏதாவது நல்ல விசயமாய்ப் பேசுங்கோ, மலரிலயும் போட வேணும்" என்று சங்கத்துப் பிள்ளைகள் வந்து கேட்டார்கள். மருத்துநீரைப் பற்றியும் கைவிசேஷத்தைப் பற்றியும் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போர்த்தேங்காய் அடித்த கதையும் கைவசம் இருக்கிறது. ஆனால் அவற்றையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். நான் சொல்லாவிட்டால் வேறு ஒருவரும் சொல்ல முடியாத கதை ஒன்று என்னிடம் உண்டு. அது நான் விட்ட ஒரு பிழை. அதை இன்றைக்குச் சொல்லத் தீர்மானித்து வந்திருக்கிறேன்.

ஊரில் சித்திரை பிறந்தால் வெயில் கொளுத்தும், கிணறு வற்றும். இங்கே சித்திரை பிறந்தால் பனி உருகி ஆறு பெருகும். மொன்றியலில் இருக்கிற எங்களுக்குச் சித்திரையும் வைகாசியும் வெள்ள காலம். ஆகவே பேரிடர் வந்து வீடு பழுதாகிறபோது அரசாங்கம் என்ன செய்யும், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கதைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான மாதம் இல்லை.

1998ஆம் ஆண்டுக்குப் போவோம். இங்கே இருக்கிற நரைத்த தலைகளுக்கு அந்த ஆண்டு மறக்காது. தை மாதம் 5ஆம் திகதி தொடங்கி ஐந்தாறு நாட்கள் மழை பெய்தது. எங்கட மாரி மழை மாதிரி இல்லை. மேலே இருந்து தண்ணீராக விழுந்து, பட்ட இடத்தில் கண்ணாடியாக உறைகிற மழை. மொன்றியலில் ஏறக்குறைய 100 மில்லிமீற்றர் விழுந்தது என்று பதிவு சொல்கிறது. மரக்கொப்பு, மின்கம்பி, படிக்கட்டு, கார்க் கண்ணாடி எல்லாம் ஐஸ். இரவில் கொப்புகள் முறிகிற சத்தம் துவக்கு வெடிக்கிற மாதிரிக் கேட்டது. எங்கட வீட்டில் என்ர மனைவி முதல் இரவு அந்தச் சத்தத்துக்குக் கட்டிலை விட்டு இறங்கி நிலத்தில் குந்திவிட்டா.

மின்கம்பங்கள் மட்டும் முப்பதாயிரம் அளவில் சரிந்தன. பெரிய உருக்குக் கோபுரங்களும் மடிந்து விழுந்தன. ஹைட்ரோ கியூபெக்கின் இணைப்புகளில் 14 இலட்சம் அளவில் ஒரே நேரத்தில் இருண்டு போயின. ஆட்களாகக் கணக்கிட்டால் மாகாணத்தின் ஏறக்குறைய பாதிச் சனம். 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை நகரின் நடுப்பகுதியும் இருண்டது. தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையங்களுக்கே கரண்ட் இல்லாமல் போனது. பாலங்களை மூடினார்கள். இங்கே பெரும்பாலான வீடுகள் சூடாகிறதும் மின்சாரத்தால்தானே? கரண்ட் போனால் விளக்கு மட்டும் போவதில்லை, வீடே குளிர்ப்பெட்டியாகிவிடும். தெற்குக்கரைக்கு அப்பால் சென் ஹியாசென்த், கிரான்பி, சென் ஜோன் ஆகிய மூன்று ஊர்களுக்கும் இடைப்பட்ட நிலத்தைக் 'கறுத்த முக்கோணம்' என்று அழைத்தார்கள். அங்கே சில வீடுகளுக்கு ஒரு மாதம் கழிந்தும் வெளிச்சம் வரவில்லை.

தெற்குக்கரையில் எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருந்தது. தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள். பெயர் சொல்லவில்லை, குறை நினைக்க வேண்டாம். தகப்பன் ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவுகிற வேலை. கரண்ட் இல்லாததால் கடையும் பூட்டு, சம்பளமும் இல்லை. அவர்கள் இருந்தது பேஸ்மென்ற் வீடு. மேல்மாடியில் ஒரு ஆச்சி, மகனோடு இருந்தா.

கனடிய இராணுவம் பதினாறாயிரம் பேர் அளவில் உதவிக்கு இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். வீடு வீடாகப் போய், சனத்தைச் சூடான இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் கட்டிடத்துக்கும் போனார்கள். கதவைத் தட்டினால் வாசலில் சீருடையும் சப்பாத்தும். ஆச்சி பேசவில்லை. உள்ளே போய், ஊரில் இருந்து கொண்டுவந்த தேசிய அடையாள அட்டையை எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினாவாம். அந்தப் பெடியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, ஆச்சியின்ர கையைப் பிடித்துப் படியால் இறக்கி பஸ்ஸில் ஏற்றினானாம். பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. அன்றைக்கு அவ சிரிக்கவில்லை.

பாடசாலை மண்டபங்களைத் தங்குமிடமாக்கி இருந்தார்கள். மடக்குக் கட்டில், போர்வை, சூப், பிள்ளைகளுக்குப் பால். எங்கட சனத்தில் சிலர் அங்கே போக மறுத்தார்கள். "இன்னொருக்கா முகாமுக்கோ? நான் இஞ்சயே விறைச்சுச் செத்தாலும் பரவாயில்லை" என்று சொன்னவர்களை நானே பார்த்தேன். அந்தப் பிடிவாதம் ஆபத்தானது. வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியும் ஜெனறேற்றர் போட்டும் நச்சுப் புகையில் செத்தவர்களும், குளிரில் விறைத்துச் செத்தவர்களும் அந்த நாட்களில் இந்த மாகாணத்தில் இருந்தார்கள். பிள்ளைகளே, இதை மனதில் வையுங்கள்: எந்தக் குளிரிலும் பாபிக்கியூ அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

அப்போது முதல்வராக இருந்த லூசியன் புஷாரின் அரசாங்கம், கரண்ட் இல்லாமல் இருந்த வீடுகளுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 டொலர் என்று உதவிப் பணம் அறிவித்தது. கிழமைக்கு ஆளுக்கு 70 டொலர். நான் சொன்ன குடும்பத்தில் ஐந்து பேர். அவர்களுக்குப் பதினாறு நாள் கரண்ட் இல்லை. கணக்குப் பாருங்கள், 800 டொலர். அந்தக் காலத்தில் அவர்களுக்கு அது இரண்டு மாத வாடகைக்குக் கொஞ்சம் குறைவு.

தகப்பன் படிவத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அப்போதெல்லாம் எங்கட சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற வேலையை நான் செய்துகொண்டிருந்தேன். இங்கிலீசு தெரியும், பிரெஞ்சு கொஞ்சம் தட்டித் தடவி வாசிப்பேன். ஊரில் வாத்தியாராய் இருந்தவன் என்ற மரியாதை வேறு. "மாஸ்டர், இதை நிரப்பலாமோ?" என்று கேட்டார். அவருடைய தாயார் வவுனியாவில் முகாமில். தாயைக் கூப்பிடுவதற்கு ஸ்பொன்சர் பண்ணக் கடதாசிகள் போட்டிருந்தார்.

நான் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. படிவத்தை முழுக்க வாசிக்கவும் இல்லை. "தம்பி, இது அரசாங்கக் காசு. வாங்கினால் பதிவில ஏறும். நாளைக்கு அம்மாவின்ர பைலை எடுத்து வைச்சுக்கொண்டு, நீ உதவிக்காசு வாங்கினவன், தாயை எப்பிடிப் பார்ப்பாய் எண்டு கேட்டால் என்ன சொல்லுவாய்? விடு" என்று சொன்னேன். அவர் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்தார். "நீங்கள் சொன்னால் சரிதான் மாஸ்டர்" என்று எழும்பிப் போனார்.

அந்த மாத வாடகைக்கு அவர் சீட்டைக் கழிவு கூறி எடுத்தார். அதன் கடனைக் கட்டி முடிக்க எவ்வளவு காலம் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை.

அதே கட்டிடத்து ஆச்சியின் மகன் என்னிடம் ஆலோசனை கேட்காதவர். அவர் படிவத்தை நிரப்பினார், காசோலை வந்தது. பிறகு அவர் தன் மனைவியை ஸ்பொன்சர் செய்தார். எந்தத் தடையும் வரவில்லை. கோடை காலத்தில் இதைக் கேள்விப்பட்டபோதுதான் எனக்கு உறைத்தது. விசாரித்தேன். வெல்பெயர் என்று நாங்கள் சொல்கிற சமூக உதவி வேறு, பேரிடர் உதவி வேறு. சமூக உதவி எடுத்துக்கொண்டு இருக்கும்போது ஸ்பொன்சர் செய்வதற்குத் தடை உண்டு. ஐஸ் மழையில் கரண்ட் போன வீட்டுக்கு அரசாங்கம் தருகிற காசு அந்தக் கணக்கில் வராது. நான் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டேன். அதற்குள் காசு கொடுத்து முடிந்திருந்தது. அந்தத் தாயார் 2000ஆம் ஆண்டு வந்து சேர்ந்தா. அந்த 800 டொலரை விட்டதற்கும் அவ வந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். ஊரில் எங்களுக்கு நிவாரணம் எப்படி வந்தது? 1964இல் புயல் அடித்தது, 1978இல் மட்டக்களப்பில் அடித்தது, பிறகு யுத்தம், இடப்பெயர்வு. ஒவ்வொரு முறையும் விதானையாரின் பட்டியல். பட்டியலில் பேர் இருந்தால் கூப்பன், இல்லாவிட்டால் இல்லை. விதானையார் நல்ல மனிசனாய் இருந்தால் கிடைக்கும். வரிசையில் நிற்க வேண்டும், தலை குனிந்து வாங்க வேண்டும். வாங்கினவனின் பேர் எங்கேயோ எழுதப்படும், அந்த எழுத்து பிறகு எங்கே போகும் என்று தெரியாது. அரசாங்கத்தின் கையில் எங்கட பேர் இல்லாமல் இருப்பதே பாதுகாப்பு என்று பழகிய சனம் நாங்கள். அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏறும்போது நான் விட்டுவிட்டு வரவில்லை.

2004 மார்கழி 26ஆம் திகதி சுனாமி வந்தபோது இந்தச் சங்கமும் உண்டியல் குலுக்கியது. கனடிய அரசாங்கமும் பொதுமக்கள் கொடுத்த டொலருக்கு டொலர் போட்டது. முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கு, மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் வீடு இழந்த உறவுகள் எங்களில் பலருக்கு இருந்தார்கள். அப்போது அங்கே என்ன நடந்தது? முழுதாக அழிந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபாய், பகுதி சேதத்துக்கு ஒரு இலட்சம், அதுவும் கட்டக் கட்டத் தவணையாக. கடற்கரையில் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குள் திரும்பக் கட்டக் கூடாது என்று முதலில் கோடு கீறினார்கள். பிறகு தளர்த்தினார்கள். காணி உறுதி கையில் இருந்தவர் அலுவலகத்துக்குப் போய்ப் பேசினார். உறுதியைக் கடல் கொண்டுபோனவர், வாடகைக்கு இருந்தவர், ஒரே வளவுக்குள் மகளையும் மருமகனையும் வைத்திருந்தவர், இவர்கள் எல்லாம் ஒவ்வொரு மேசையாக அலைந்தார்கள். உதவியைப் பங்கிடுவதற்கென்று 2005 ஆனி மாதம் அரசாங்கமும் புலிகளும் கைச்சாத்திட்ட பொதுக்கட்டமைப்பை அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் இடைநிறுத்தியது. 2025 கார்த்திகையில் டிட்வா புயல் வந்து அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோதும், மலையகத்தில் லயன் அறைகளில் இருக்கிற சனத்தின் நிலை அதுதான். தலைமுறை தலைமுறையாக இருந்த அறை, ஆனால் நிலம் தங்கட பேரில் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பேரிடருக்குப் பிறகு எந்த நாட்டு அரசாங்கமும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: நீ எங்கே இருந்தாய், அதற்கு என்ன கடதாசி இருக்கிறது? அந்தக் கேள்விக்கு இங்கே எங்களிடம் பதில் உண்டு. வாடகைக்கு இருப்பவரிடமும் உண்டு. நாங்கள்தான் அதைப் போய்ச் சொல்வதில்லை.

ஐஸ் மழையோடு இங்கே பேரிடர் முடியவில்லை. 2017 வைகாசியில் பியர்போன், றொக்ஸ்போரோ, இல் பிசார் பக்கம் வெள்ளம் வந்து மொன்றியல் நகரமே அவசரகால நிலை அறிவித்தது. கியூபெக் முழுவதும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குள் தண்ணீர். 2019 சித்திரையில் திரும்பவும் அவசரகால நிலை. அந்தச் சித்திரை 27ஆம் திகதி இரவு சென் மார்த் சூர் லு லக் என்ற ஊரில் அணை உடைந்து ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினார்கள். பிறகு 2024 ஆவணி 9ஆம் திகதி, டெபி சூறாவளியின் மிச்சம் வந்து நகரின் சில இடங்களில் ஒரே நாளில் 150 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. ஆற்றங்கரையில் இல்லாத வீடுகளிலும் நிலக்கீழ்க் குழாயால் அழுக்குத் தண்ணீர் மேலே தள்ளியது. காப்புறுதிக் கம்பனிகளின் கணக்கில் ஏறக்குறைய 2.5 பில்லியன் டொலர் நட்டம். ஐஸ் மழையையும் மிஞ்சிய தொகை.

அன்று இரவு பத்து மணிக்கு என் தொலைபேசி அடித்தது. நான் சொன்ன குடும்பத்தின் மூத்த மகள். ஐஸ் மழையில் அவவுக்கு ஏழு வயது. இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். அவவும் பாதி நிலத்துக்குக் கீழே இருக்கிற ஒரு வாடகை வீட்டில்தான். "மாமா, குளியலறைக் குழாயால தண்ணி வருது. பிள்ளையளின்ர கட்டில் வரைக்கும் வந்திட்டுது. வெள்ளத்துக்கு அரசாங்கம் காசு தருமெண்டினம். கேக்கலாமோ? பிறகு ஏதும் பிரச்சினை வருமோ?"

தகப்பன் கேட்ட அதே கேள்வி.

"பொறு பிள்ளை. எனக்குத் தெரியாது. முதல்ல பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டை போ. எல்லாத்தையும் படம் எடுத்து வை. நான் நாளைக்கு அறிஞ்சு சொல்லுறன்" என்றேன். தெரியாது என்று சொல்ல எனக்கு இருபத்தாறு வருடம் எடுத்தது.

அறிந்தது இதுதான். கியூபெக்கில் அரசாங்கத்தின் பேரிடர் நிதியுதவித் திட்டம் இருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரருக்கு மட்டும் உரியதில்லை, வாடகைக்கு இருப்பவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. அது நீங்கள் நிரந்தரமாய் வசிக்கிற வீடாய் இருக்க வேண்டும். உங்கள் ஊர் அந்தப் பேரிடருக்கு அமைச்சர் அறிவித்த இடங்களில் ஒன்றாய் இருக்க வேண்டும். கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி போல வாழ்வதற்கு அவசியமான சாமான்களுக்குத்தான் கணக்கு. வெளியேறி இருந்தால் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு படி உண்டு. முக்கியமானது, காப்புறுதி எடுத்து ஈடுசெய்யக் கூடிய நட்டத்துக்கு அரசாங்கம் பொதுவாகக் காசு தராது. ஆறு பெருகி வாசலால் வந்த தண்ணீர் ஒரு கணக்கு. கழிவுக் குழாயால் மேலே தள்ளிய தண்ணீர் வேறு கணக்கு, அது காப்புறுதிக்குரியது என்று ஒதுக்கிவிடுவார்கள். தீயும் அப்படியே.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு வந்தது குழாய்த் தண்ணீர். வாடகைக் காப்புறுதி எடுத்திருந்தா, ஆனால் கழிவுக் குழாய்க்கான சேர்க்கை அதில் இல்லை. மாதம் சில டொலரை மிச்சம் பிடிக்க விட்டது. ஆகவே கட்டில், மெத்தை, பிள்ளைகளின் புத்தகம், உடுப்பு, எல்லாம் நட்டம். விண்ணப்பித்துப் பார்த்தா. இல்லை என்று கடிதம் வந்தது.

ஆனால் இன்னொரு வழி இருந்தது. கியூபெக் குடியியல் சட்டக்கோவையின் 1915ஆம் பிரிவு. வீடு மனிதர் வசிக்கத் தகுதியில்லாமல் போனால் வாடகைக்காரர் விட்டுப் போகலாம். போவதற்கு முன் அல்லது போய்ப் பத்து நாட்களுக்குள் வீட்டின் நிலைமையைச் சொந்தக்காரருக்கு அறிவிக்க வேண்டும். அப்படி அறிவித்தால், வாடகைக்காரரின் பிழையால் வந்த கேடாய் இல்லாதவரை, வீடு தகுதியற்று இருக்கிற காலத்துக்கு வாடகை இல்லை. திருத்தி முடித்ததும் சொந்தக்காரர் அறிவிப்பார். அந்த அறிவித்தல் கிடைத்துப் பத்து நாட்களுக்குள் திரும்பி வருகிறோமா இல்லையா என்று பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துவிட அவருக்கு வழி பிறந்துவிடும். கடிதம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஒப்பந்தம் எந்த மொழியிலோ அந்த மொழியில் இருக்க வேண்டும்.

நான் பிரெஞ்சில் எழுதத் தெரியாதவன். அவவின் தம்பி எழுதினான், நான் பக்கத்தில் இருந்தேன். ஏழாம் நாள் பதிவுத் தபாலில் போட்டோம். சொந்தக்காரர் முதலில் வாடகை கேட்டார். கடிதத்தின் பிரதியையும் படங்களையும் காட்டி, வாடகை வீட்டு நியாயசபைக்குப் போகலாம் என்றதும் விட்டுவிட்டார். முன்பு ரேஜி என்று சொல்வோமே, அதைத்தான் 2020இலிருந்து இந்தப் பெயரால் அழைக்கிறார்கள். இரண்டரை மாத வாடகை மிச்சம். போன சாமான் திரும்பி வரவில்லை. ஆனால் புதுக் கட்டில் வாங்க அந்தக் காசு இருந்தது.

கடிதம் போட்டுவிட்டு வரும் வழியில்தான் அந்தப் பிள்ளைக்கு 800 டொலர் கதையைச் சொன்னேன். அவ கொஞ்ச நேரம் பேசாமல் வந்தா. பிறகு, "அம்மாவுக்கு அது தெரியும் மாமா. மேல்வீட்டு ஆச்சி அப்பவே சொன்னவ. உங்களுக்குச் சொல்ல வேண்டாம், மனவருத்தப்படுவீங்கள் எண்டு அப்பா சொன்னவர்" என்றா.

சபையோரே, அந்த மனிதர் இப்போது இல்லை. கடைசி வரைக்கும் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார். அவருக்கு நான் திருப்பிக் கொடுக்கக் கூடியது இந்தப் பேச்சு ஒன்றுதான். ஆகவே சில விசயங்களைத் தெளிவாகச் சொல்லி முடிக்கிறேன். வீட்டுக்குப் போய்க் குளிர்ப்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

முதலாவது, வாடகைக்கு இருப்பவர்களும் காப்புறுதி எடுங்கள். சொந்தக்காரரின் காப்புறுதி கட்டிடத்துக்குத்தான், உங்கள் சாமானுக்கு இல்லை. எடுக்கும்போது கழிவுக் குழாய்த் தண்ணீருக்கான சேர்க்கை இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பேஸ்மென்றில் இருப்பவர்கள் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கிற வால்வு பூட்டியிருக்கிறதா என்று சொந்தக்காரரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, கடதாசிகள். வாடகை ஒப்பந்தம், குடிவரவுக் கடதாசி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பெரிய சாமான்களின் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். படமெடுத்து இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். உறுதியைக் கடலுக்குக் கொடுத்த எங்கட சனத்துக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

மூன்றாவது, வெளியேற வேண்டி வந்தால் தங்குமிடத்தில் செஞ்சிலுவைச் சங்கத்திடம் எல்லாப் பேரையும் பதியுங்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதானாலும் பதிந்துவிட்டுப் போங்கள். செலவழித்த ஒவ்வொரு டொலருக்கும் துண்டு வைத்திருங்கள். நகரசபைக்கு 311, உதவி எங்கே கிடைக்கும் என்று அறிய 211. இரண்டும் தொலைபேசி எண்கள்.

நான்காவது, வீடு வாங்குகிற பிள்ளைகளுக்கு. ஆற்றங்கரை வீடு மலிவாய்க் கிடைத்தால் ஏன் மலிவு என்று கேளுங்கள். வெள்ளப் பகுதி வரைபடத்தைப் பார்க்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். 2019இல் கியூபெக் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. வெள்ளத்தில் பழுதாகிற வீட்டுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாய்க் காசு இல்லை, எல்லா முறையும் சேர்த்துத்தான் கணக்கு. கூட்டுத்தொகை வரம்பைத் தொட்டால் (2019இல் அது ஒரு இலட்சம் டொலர்), வீட்டை விட்டு வெளியேறுகிறதற்கான காசைத்தான் பேசுவார்கள்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. விண்ணப்பியுங்கள். காலக்கெடுவைப் பார்த்து அதற்குள் விண்ணப்பியுங்கள். மறுத்தால் மறுபரிசீலனை கேளுங்கள், எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்று அவர்கள் அனுப்புகிற கடிதத்திலேயே இருக்கும். எங்களுக்குக் கிடைக்காது, எங்கட நிலைமைக்குப் பொருந்தாது, பைல் பழுதாகும் என்று நாங்களே முடிவு கட்ட வேண்டாம். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் அலுவலகம் சொல்லட்டும். அந்த வேலையை அவர்களுக்காக நான் ஒருமுறை செய்து கொடுத்தேன், அதற்கு ஒரு குடும்பம் 800 டொலர் கட்டியது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று எங்கட ஆட்களே சொல்லி வைத்திருக்கிறார்கள். நாங்கள் இங்கே வரி கட்டுகிறோம். கோப்பை கழுவியும் கட்டுகிறோம், தையல் பக்ரறியில் நின்றும் கட்டுகிறோம். ஐஸ் மழைக்கும் வெள்ளத்துக்கும் அரசாங்கம் தருகிற காசில் எங்கட காசும் கிடக்கிறது.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருடமும் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் சனிக்கிழமைகளில் இந்த மண்டபத்தில் ஒரு மேசை போடுங்கள். பிரெஞ்சு படித்த பிள்ளை ஒன்றும், சனத்தின் கதையைப் பொறுமையாய்க் கேட்கக் கூடிய பெரியவர் ஒருவரும் அங்கே இருக்கட்டும். காப்புறுதிக் கடதாசியை வாசித்துச் சொல்லவும், கடிதம் எழுதிக் கொடுக்கவும் அது போதும். பெரியவர் கதிரைக்கு நான் வருகிறேன். ஒரு வாக்குறுதியும் தருகிறேன்: தெரியாததைத் தெரியாது என்று சொல்வேன், அறிந்து வந்து பிறகு சொல்வேன்.

பிறக்கிற வருடம் ஊரிலும் இங்கேயும் எங்கட சனத்தின் வீடுகளை நீரும் நெருப்பும் தீண்டாத வருடமாய் அமைய வேண்டும் என்று பிரார்த்தித்து, எல்லோருக்கும் எனது சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்களைக் கூறி விடைபெறுகிறேன்.